புகை அடித்துவிட்டு ஒரு பட்டாம்பூச்சி விழா

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மைதானம் முழுக்கக் கொசுப்புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், இதே மாதிரி ஊருக்குப் பத்து இருக்கும். மகளைக் கூட்டிவரப் போயிருந்தேன். வேப்பமரத்தடி, செம்பருத்தி வேலி, இட்லிப்பூப் பாத்தி எல்லாம் வெள்ளைப் புகைக்குள் மறைந்திருந்தன. வாசலில் இருந்த காவலாளி அண்ணனிடம் என்ன விசேஷம் என்று கேட்டேன். "நாளைக்கு விழா இருக்குதுங்களே சார். கொழந்தைங்க நெறைய வராங்க, பூச்சி பொட்டு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க."

விழாவின் பெயர் "பட்டாம்பூச்சிகளும் நண்பர்களும்: குடும்பத் திருவிழா".

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அந்தச் சிரிப்பும் இல்லை.

மறுநாள் குடும்பத்தோடு போனோம். கம்பியில் நைலான் துணி கட்டிய சிறகு விற்றார்கள், முகத்தில் வண்ணம் பூசினார்கள். சிறகு மாட்டிய முந்நூறு குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்த மைதானத்தில் நிஜப் பூச்சி ஒன்றுகூட இல்லை. மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய பேனர்: தேனீ அழிந்தால் நாலே வருஷத்தில் மனித குலமும் அழிந்துவிடும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக, அவர் படத்தோடு. ஐன்ஸ்டைன் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அவருடைய பெயரில் உலவும் பொய்களில் அதுவும் ஒன்று. ஆனால் பேனர் அடிக்க அது வசதி.

ஓரமாக ஒரு செடிக் கடை போட்டிருந்தார்கள். கறிவேப்பிலைக் கன்று நாற்பது ரூபாய். மகள் ஒரு தொட்டியைக் கையில் எடுத்துவிட்டு, "அப்பா, இதுல காக்கா எச்சம் நகருது" என்றாள். குனிந்து பார்த்தேன். எலுமிச்சை அழகி என்று பட்டாம்பூச்சிக்காரர்கள் சொல்லும் பூச்சியின் இளம்புழு. சின்னதாக இருக்கும்போது கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், அதுதான் அதன் தற்காப்பு. அந்த மைதானத்தில் அன்றைக்கு உயிரோடிருந்த ஒரே விழா நாயகர் அவர்தான். வெளியூர் நர்சரியிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கியிருப்பார் போல, புகைக்குத் தப்பிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கடையிலிருந்த அக்கா, சட்டையில் பட்டாம்பூச்சி பேட்ஜ் குத்திக்கொண்டவர், "ஐயோ சாரி சார்" என்று இலையைச் சுண்டிப் புழுவைத் தட்டிவிட்டுச் செருப்பால் ஒரு தேய் தேய்த்தார். "வேற செடி தர்றேங்க, நல்லதா."

மகள் முதுகில் மஞ்சள் சிறகோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அக்காமேல் எனக்குக் கோபமில்லை. புழு இருந்தால் மருந்தடி, தட்டிவிடு, மிதி என்றுதான் அவருக்கும் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். என் கோபம் விழாமேல்தான். பட்டாம்பூச்சியைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, பூச்சியை வெறுக்க இன்னும் கொஞ்சம் நன்றாகப் பழக்கிவிடுகிற விழா இது. சிறகுள்ள பத்துப் பதினைந்து நாளை மட்டும் நேசிக்கச் சொல்லி, அதற்கு முந்தைய புழுப்பருவத்தைக் காலில் தேய்க்கச் சொல்கிறது. அப்படியொரு விழா நடப்பதைவிட நடக்காமலிருப்பது மேல் என்பது என் கட்சி.

முதல் கேள்வி: விழா யாருக்கு எடுக்க வேண்டும்? மகரந்தச் சேர்க்கைக்கு நன்றி சொல்வதாக இருந்தால் பட்டாம்பூச்சி அந்த வரிசையில் ரொம்பப் பின்னால்தான் நிற்கும். நீளக் காலும் நீள உறிஞ்சுகுழலும் இருப்பதால் பூவில் உடம்பு படாமலே குடித்துவிட்டுப் போகிற ஆள் அது. வேலை செய்கிறவர்கள் தேனீக்கள், வண்டுகள், ஈக்கள், இரவில் வரும் அந்துப்பூச்சிகள், வௌவால்கள். உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களை எடுத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அதில் 87 பயிர்கள் ஏதோ ஓர் அளவுக்காவது இந்தக் கூட்டத்தை நம்பியிருப்பதாகச் சொன்னது. எங்கள் மென்பொருள் தொழிலிலும் இதே கதைதான். திரையில் பொத்தானுக்கு நிறம் மாற்றியவருக்குக் கைதட்டல் கிடைக்கும்; ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சர்வரைப் பார்க்கிறவன் பெயர் யாருக்கும் தெரியாது. சரி, அதை விடுங்கள்.

சேலம் என்றால் மாம்பழம். மல்கோவா, இமாம்பசந்த், பெங்களூரா, குண்டு. மாம்பூவில் வேலை பார்ப்பது யார் தெரியுமா? பெரும்பாலும் ஈ. சாணியிலும் செத்ததன்மேலும் உட்கார்ந்துவிட்டு வருகிற நம் வீட்டு ஈயும், பச்சையும் நீலமுமாக மினுங்கும் பிண ஈயும், கூடவே பூ ஈக்களும். தேனீக்கு மாம்பூமேல் அவ்வளவு மோகம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் மாந்தோப்புக்காரர்கள் பூக்கும் பருவத்தில் ஈயை வரவழைக்கச் செத்த பிராணிகளைத் தோப்புக்குள் போட்டுவைப்பதுண்டு. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கும், காயாக நிற்பது ஒன்றோ இரண்டோ. அந்த ஒன்றிரண்டுக்கு நன்றி சொல்வதென்றால் சேலத்தில் ஈத் திருவிழாதான் எடுக்க வேண்டும். எந்தப் பள்ளியும் எடுக்காது. எந்தக் குழந்தைக்கும் ஈ வேஷம் போட மாட்டார்கள்.

தை, மாசியில் மாம்பூ வருகிற அதே நேரத்தில் தத்துப்பூச்சியும் வரும். அதற்கு அடிப்பது பெரும்பாலும் இமிடாகுளோபிரிட் வகையறா. தேனீக்கு ஆகாது என்று 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடைபோட்ட மருந்து அது. நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். பூ விரிந்த பிறகு அடிக்கக் கூடாது என்பது பாடப்புத்தக விதி. ஆனால் தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரிக்குப் பூவும் பிஞ்சும் அவர் போட்ட பணம், அடிக்காமல் இருக்க அவருக்குத் தைரியம் வராது. எங்கள் சித்தப்பா ஒருவர் தோப்பு வைத்திருந்தார். "ஒரு தடவ அடிக்காம உட்டு, அந்த வருசம் காய் நிக்கலீனா நீயா வந்து குடுப்ப?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க இடம் தராத விழாவுக்கு மகரந்தத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி?

அடுத்தது கருவண்டு. பனங்கையிலும் மூங்கிலிலும் வட்டமாகத் துளைபோட்டுக் குடியிருக்கும், உர்ர்ரென்று சுற்றும், குழந்தைகள் அலறும். வீட்டில் கண்டால் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றுவோம். அதுவும் ஒரு தேனீதான். கத்தரிப்பூவின் மகரந்தப் பைகள் முழுதாகத் திறக்காது, உப்பு டப்பா மாதிரி நுனியில் மட்டும் துளை. அதிலிருந்து தூளைக் கொட்டவைக்கப் பூவைக் கடித்துப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். நாம் பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். ஆவாரம்பூவும் இதே ரகம். முருங்கைப் பூவுக்கும் கருவண்டு முக்கியமான விருந்தாளி. ஆக, கத்தரிக்காய் முருங்கைக்காய் சாம்பாரில் மண்ணெண்ணெய் ஊற்றி நாம் கொன்ற ஆளுக்குப் பங்கு இருக்கிறது. சங்கப் பாட்டில் வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று பூவைச் சுற்றுகிறவர்களுக்குத்தான் எத்தனை பெயர்! பட்டாம்பூச்சிக்கு அங்கே அப்படியொரு இடம் இல்லை. பூவில் யார் உழைக்கிறார்கள் என்று பார்த்த கண்கள் அவை.

இந்தச் சமவெளிக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. சேலம், நாமக்கல் பொருளாதாரம் பூச்சியே தேவைப்படாத பொருளாதாரம் என்ற நினைப்பு நமக்கு. ஆத்தூரிலிருந்து ராசிபுரம் வரை மரவள்ளி. குச்சியை வெட்டி நட்டால் கிழங்கு, மகரந்தமும் வேண்டாம், விதையும் வேண்டாம். நாமக்கல்லில் கோழி, அதற்குத் தீவனமாகும் மக்காச்சோளத்துக்குக் காற்றே போதும். கரும்புக்குக் கரணை. லாரிக்கு டீசல். பூச்சி எதற்கு?

பதில் 2020-இல் வந்தது. அந்த வருஷம் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கேரளத்தில் தென்பட்டது. சீக்கிரமே நம் பக்கமும் இறங்கி, குருத்தைச் சுருட்டிக் காடுகாடாகக் காலி செய்தது. என்னென்னவோ அடித்துப் பார்த்தார்கள், மெழுகு போர்த்திய பூச்சியின்மேல் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்தார்கள். அனகைரஸ் லோபெஸி என்று பெயர், எள்ளைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியதும் இதுவேதான். அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டின் முதல் வயல்வெளி விடுகை நடந்தது. பூச்சி தேவையில்லை என்று நினைத்த ஜவ்வரிசித் தேசத்துக்கு விமானத்தில் பூச்சியை வரவழைக்க வேண்டியிருந்தது. விட்ட இடத்தில் பழைய வேகத்தில் மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். விழாவில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. குளவி அழகில்லையே.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

இந்த மாவட்டங்களில் மகரந்தச் சேர்க்கையைக் கூலிக்குச் செய்த ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்குச் சிறகு கிடையாது. உலகின் முதல் வணிகக் கலப்பினப் பருத்தியை 1970-இல் சூரத்தில் சி.டி. படேல் வெளியிட்டார். பருத்திப்பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே கலப்பின விதை வேண்டுமென்றால், மறுநாள் விரியப்போகிற மொட்டை முந்தின நாள் பிற்பகலில் பிரித்து மகரந்தத் தாள்களை ஒன்றுவிடாமல் கிள்ளி எடுக்க வேண்டும். காலையில் வேறு ரகத்தின் பூவைக் கொண்டுவந்து சூல்முடியில் தடவ வேண்டும். ஒவ்வொரு பூவாக, நாள் முழுக்க, பருவம் முழுக்க. "கிராசிங் வேலை" என்பார்கள். மெல்லிய விரல்களும் குறைந்த கூலியும் வேண்டும், ஆகவே சிறுமிகள். 2000-களில் வந்த குழந்தைத் தொழிலாளர் ஆய்வறிக்கைகளில் ஆந்திரத்தோடு கூடச் சேலம், தர்மபுரி பெயர்களும் இருக்கின்றன.

எனக்கு அறிக்கை தேவைப்படவில்லை. தலைவாசல் பக்கம் என் பெரியம்மா மகள் எட்டாவதோடு நின்று கிராசிங் போனாள். பொங்கலுக்கு வரும்போது நகக்கண் மஞ்சளாக இருக்கும், மருதாணி மாதிரி இல்லாமல் அழுக்கு மஞ்சள். அடிக்கடி தலைவலி என்பாள். நேற்றுத்தான் மருந்தடித்த காட்டில் நாள் முழுக்கக் குனிந்து பூவோடு முகம் வைத்து நின்றால் வேறென்ன வரும்? நான் எஞ்சினியரிங் முதல் வருஷம் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகி இரண்டாவது பிள்ளை. "நாங்க தேனீ வேல பாத்தம்டா தம்பி, தேன் மட்டும் கம்பெனிக்காரனுக்கு" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினாலு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு சந்தும் விட்டுவைத்தது. விதைக் காட்டில் எல்லாமே குடும்பத் தொழில்தான். குடும்பம் என்ற சொல்லை எங்கே போட்டாலும் அது ஒரு பாசமான மூடுதுணி ஆகிவிடுகிறது. "குடும்பத் திருவிழா" என்று அந்த அழைப்பிதழில் பார்த்தபோதே எனக்கு ஏன் உறுத்தியது என்று பிறகுதான் விளங்கியது. சிறகு மாட்டிய குழந்தைகள் எங்கள் குடும்பத்துக் குழந்தைகள். கிராசிங் போன குழந்தைகளும்தான்.

நண்பர் ஒருவர், அதே பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைக்கிறவர், என்னைத் திட்டினார். "எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்காதய்யா. கொழந்தை மொதல்ல அழகுல ஆரம்பிக்கட்டும், வளர வளர மிச்சத்தத் தெரிஞ்சுக்கும்." இது சாதாரண வாதமில்லை. நானும் அழகில் ஆரம்பித்தவன்தான். ஆனால் அன்றைக்கு நடந்ததை யோசித்துப் பாருங்கள். என் மகள் புழுவைப் பார்த்து அருவருக்கவில்லை. நகர்கிறதே என்று ஆச்சரியப்பட்டாள். அருவருப்பு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பேஜ் குத்தியவரிடமிருந்து வந்தது. ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்த குழந்தையை நாம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்ட மாட்டேன். கோவையில் டி.என்.பி.எஸ். என்ற அமைப்பைச் சேர்ந்தவர்களும் அவர்களைப் போன்ற பலரும் வெயிலில் நின்று எண்ணிக் குறித்துவைத்ததால்தான் இன்றைக்கு ஒரு விஷயம் நமக்குத் தெரிகிறது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, சேர்வராயன், கொல்லி மாதிரியான கிழக்கு மலைகளிலிருந்து ப்ளூ டைகர், காமன் க்ரோ வகைப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகச் சமவெளியைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகின்றன. கோடையில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், அங்கிருந்து இங்கே. கொல்லிமலைக்கும் மேற்கு மலைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நாம் இருக்கிறோம். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு. குறுக்கே நான்குவழி தேசிய நெடுஞ்சாலை 44. ஐப்பசியில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணாடியில் வந்து மோதும் கறுப்புச் சிறகுகளைப் பார்த்திருப்பார்கள். லாரிக்காரர் ரேடியேட்டர் வலையைத் தட்டினால் உதிரும்.

அரசு 2019-இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. நல்ல பெயர், அழகான பூச்சி. மலைக்காட்டில் வாழ்வது, நாமக்கல் குழந்தை வீட்டு வாசலில் அதைப் பார்க்கப் போவதில்லை. 2015-இல் திருச்சி மேலூரில் இருபத்தைந்து ஏக்கருக்குப் பட்டாம்பூச்சிப் பூங்கா திறந்தார்கள். நாமக்கல்லிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம், நாங்களும் போனோம். நம் வாசலைத் தாண்டிப் போகிற கூட்டத்துக்கு வழியில் குடிக்க ஒரு பூ வைத்திருக்கிறோமா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. முன்பு பரமத்தி, திருச்செங்கோடு பக்கமெல்லாம் கிளுவை வேலி. அதில் கோவைக்கொடி, ஆதொண்டை, வேலிப்பருத்தி, பிரண்டை என்று ஒரு காடே ஏறியிருக்கும். இப்போது கல்காலும் முள்கம்பியும், அடியில் களைக்கொல்லி. ஊர் ஓரத்து எருக்கைச் சுத்தம் என்ற பெயரில் பொக்லைன் வைத்து வாருகிறோம். அமெரிக்காக்காரர்கள் விழா எடுத்துக் கொண்டாடும் மோனார்க்கின் பங்காளி வெந்தய வரியன் முட்டையிடுவது அந்த எருக்கில்தான். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அங்கேயும் அன்பு மட்டும் போதவில்லை. மோனார்க்குக்காக ஆசையாசையாக வீட்டில் நட்ட வெப்பமண்டல எருக்கினச் செடி, வருஷம் முழுக்கப் பச்சையாக நின்று, அதன் வலசையைக் குழப்பி ஒட்டுண்ணி நோயைப் பெருக்கியதாகப் பிறகு கண்டுபிடித்தார்கள்.

விழாவே கூடாதா என்றால், நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. போகியன்று காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலில், மாட்டுக்கொட்டாயில், கிணற்றடியில், காட்டு மூலையில் செருகுவோம். மூன்று நாள் கழித்துப் பூப்பறிக்கிற நோம்பி, பெண்பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பூப்பறித்து வருவார்கள். கருவண்டு அதிரவைக்கிற அதே ஆவாரை. மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் தின்கிற அதே ஆவாரை. குடும்பம் முழுக்கக் காட்டுக்குப் போய் எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிட்டு வர அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அம்மாயி காலத்துப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. இப்போது நாங்களும் காப்புக்கட்டைப் புதுப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் கட்டு இருபது ரூபாய்க்குத்தான் வாங்குகிறோம். போன தையில் வாங்கிய கட்டில் ஆவாரைக்குப் பதில் ஏதோ சாலையோர அலங்காரச் செடியின் மஞ்சள் பூவை வைத்திருந்தார்கள். விற்ற அம்மாவிடம் கேட்டேன். "ஆவார எங்கீங்க கெடைக்குது? அஞ்சாறு மைல் போயும் இல்ல. ரோட்டோரமெல்லாம் மருந்தடிச்சுப் போட்டாங்க."

இந்த வருஷ விழாவுக்கு நன்கொடை கேட்டு வகுப்பு வாட்ஸாப் குழுவில் செய்தி வந்திருக்கிறது. ஆயிரம் ரூபாய் தருகிறேன், நாலு விஷயம் செய்யுங்கள் என்று பதில் போட்டேன். அந்த வாரம் புகை அடிக்க வேண்டாம். செடிக் கடையில் புழு உள்ள தொட்டியைத் தனியாக, கூடுதல் விலைக்கு வையுங்கள். மாந்தோப்புக்காரர் ஒருவரையும் மருந்துக்கடைக்காரர் ஒருவரையும் மேடையில் உட்காரவைத்துக் குழந்தைகளைக் கேள்வி கேட்கவிடுங்கள். தலைவாசலிலிருந்து என் அக்காவைக் கூட்டிவருகிறேன், பருத்திப்பூவில் மகரந்தம் தடவுவது எப்படி என்று அவள் செய்து காட்டட்டும், அவளுக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள்.

குழு நிர்வாகி கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார். அதற்குப் பிறகு சிறகின் விலைப்பட்டியல் வந்தது.